மரக்காணம் கரையும் பரம்பரைப் புற்றுநோயும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள கடலோர ஊர். ஆந்திரத்திலிருந்து கரையை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். தமிழகத்தில் உப்பு விளையும் இடங்களைச் சொல்லும்போது தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு இவ்வூரையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

இக்கரையில் ஒருவருக்குப் புற்றுநோய் எனத் தெரியவந்தால் குடும்பத்தார் பெரும்பாலும் நினைப்பது இரண்டு மருத்துவமனைகளை. ஒன்று, தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர். மற்றொன்று, வடக்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிலையம். எங்குச் சென்றாலும் மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இந்த நோய் வந்ததுண்டா?" என்பது. சாதாரணமாகத் தோன்றும் இக்கேள்வி மருத்துவத்தில் நிலைபெற நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்கு உண்மையான விடை கிடைப்பது இன்றும் எளிதன்று. அக்கேள்வியின் வரலாறும், தமிழகத்தில் அது அடைந்த வளர்ச்சியும் இங்குக் கூறப்படுகின்றன.

கேள்வி பிறந்த கதை

மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்தவர் என்று அறியப்படும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, 1866இல் தம் மனைவியின் குடும்ப வரலாற்றை வெளியிட்டார். அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 24 பெண்களில் 10 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். இது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது என்று அவர் எண்ணினார். கிரகோர் மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை அச்சிட்டதும் அதே 1866ஆம் ஆண்டில்தான். ஒருவர் கையில் கேள்வியும் மற்றவர் கையில் விடைக்கான விதியும் இருந்தன; இரண்டும் சந்திக்கவில்லை.

அடுத்த செய்தி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வருகிறது. 1895இல் நோயியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்த பெண் வருத்தத்துடன் பேசினார். தம் குடும்பத்தார் பலர் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்ததாகவும், தாமும் அப்படித்தான் இறக்கப்போவதாகவும் கூறினார். பின்னர் அவ்வாறே நடந்தது. வார்த்தின் அக்குடும்பத்தின் கிளைகளைத் தேடி எழுதி, 1913இல் வெளியிட்டார். ஒரு தையற்காரப் பெண் தன் வீட்டில் கண்டதைத்தான் மருத்துவம் பிறகு கண்டது என்பது இவ்வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

ஆயினும் வார்த்தினின் ஆய்வு நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. அக்காலத்தில் பரம்பரை பற்றிய பேச்சு, "தரமான மனிதர், தரமற்ற மனிதர்" என்று பிரித்துத் தரமற்றவர் குழந்தை பெறக்கூடாது எனக் கூறிய நல்லினப் பெருக்கக் கொள்கையோடு கலந்திருந்தது. அக்கொள்கை செய்த கொடுமைகள் தெரிந்தபின் பரம்பரை என்ற சொல்லையே பலர் ஐயத்துடன் பார்த்தனர். 1960களில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அக்கேள்வியை மீண்டும் எடுத்தார். குடல், கருப்பைப் புற்றுநோய்கள் சேர்ந்து வரும் இரு பெருங்குடும்பங்களை 1966இல் விவரித்தார். புற்றுநோய் சுற்றுச்சூழலால் மட்டுமே வருவது என்று நம்பிய காலம் அது. அவருடைய ஆய்வுக்கு நிதி கிடைப்பதே அரிதாக இருந்தது. இன்று அந்நோய்க்கூட்டம் அவர் பெயரால் 'லிஞ்ச் நோய்த்தொகுதி' எனப்படுகிறது.

கண்ணில் கிடைத்த விளக்கம்

ஏன் சில குடும்பங்களில் மட்டும் நோய் சிறு வயதில் வருகிறது என்பதற்கான விளக்கம், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயிலிருந்து கிடைத்தது. வெளிச்சம் படும்போது குழந்தையின் கருவிழி நடுவில் வெண்மையாக மின்னுவது இதன் அறிகுறி. 'பூனைக்கண்' என்று மக்கள் சொல்வது இதைத்தான். 1971இல் ஆல்பிரட் நட்சன் என்பவர் 48 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார். பரம்பரையாக வரும் நோய் மிகச் சிறு வயதிலும் பெரும்பாலும் இரு கண்களிலும் வந்தது. பரம்பரையின்றி வரும் நோய் சற்றுத் தாமதமாக ஒரு கண்ணில் மட்டும் வந்தது.

அவர் தந்த விளக்கம் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளக்கூடியது. மனிதனிடம் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு படிகளாக உள்ளன; ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. உயிரணு கட்டின்றிப் பெருகாமல் தடுக்கும் மரபணுவும் அவ்வாறே. ஒரு படி கெட்டாலும் மற்றொன்று காவல் காக்கும். சாதாரணமாகப் பிறந்த ஒருவருக்கு ஒரே உயிரணுவில் இரண்டு படிகளும் கெடவேண்டும், அது அரிது. ஒரு படி கெட்ட நிலையில் பிறந்தவருக்கோ ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு காவலாளிதான். இன்னொரு அடி விழுந்தால் போதும்.

ஆகவே பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. ஒரு காவல் குறைந்த நிலை மட்டுமே. மரக்காணத்தார்க்கு இதை விளக்க வெளியே உவமை தேட வேண்டியதில்லை. பாத்தியில் உவர்நீர் நின்றால் மட்டும் உப்பு விளைந்துவிடாது. வெயில் வேண்டும், காற்று வேண்டும், நாள்கள் செல்லவேண்டும். நடுவில் மழை பெய்தால் எல்லாம் கரைந்துபோகும். அதேசமயம் உவர்நீர் நிற்கும் பாத்தியையும் வெறும் தரையையும் ஒன்றாக எண்ண முடியாது.

விழித்திரைப் புற்றுநோயில் அந்த நிகழ்தகவு மிக உயர்ந்தது. கெட்ட படியோடு பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வந்துவிடுகிறது. இதன் காரணமாகிய ஆர்.பி.1 மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. தமிழகத்தில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய கண் மருத்துவ நிறுவனங்களில் இம்மரபணு குறித்த ஆய்வுகள் நடந்துள்ளன.

மார்பகமும் கருவகமும்

1990இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர், 23 குடும்பங்களில் 146 மார்பகப் புற்றுநோயாளரைக் கொண்ட தரவை ஆராய்ந்து, 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் காரண மரபணு இருப்பதாக அறிவித்தார். அம்மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது, பி.ஆர்.சி.ஏ.1 என்பது அதன் பெயர். பி.ஆர்.சி.ஏ.2 அடுத்த ஆண்டில் கிடைத்தது. இவ்விரு மரபணுக்களின் வேலை, உடைந்த டி.என்.ஏ. இழைகளைப் பிழையின்றி ஒட்டுவது. இவை கெட்டால் மற்றப் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு ஆபத்து? பல நாட்டுக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உடைய பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, கருவகப் புற்று வரும் வாய்ப்பு 44 விழுக்காடு. பி.ஆர்.சி.ஏ.2 எனில் முறையே 69, 17 விழுக்காடு. அக்குடும்பங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினர் என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்கவேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். புற்றுநோய்களில் இப்படி ஒற்றை மரபணுவால் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். வீட்டில் ஒருவருக்கு வந்தது என்பதால் எல்லார்க்கும் வரும் என்று அஞ்சுவது தவறு.

இம்மரபணுக்களைக் கண்டறிந்த அமெரிக்க நிறுவனமொன்று அவற்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. சோதனைக் கட்டணம் சாமானியர் எட்டமுடியாத உயரத்தில் இருந்தது. இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அதற்கு உரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூன் 13 அன்று தீர்ப்பளித்தது. நடிகை ஏஞ்சலினா ஜோலி தமக்கு இம்மாற்றம் இருப்பதையும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் வெளிப்படையாக எழுதியது அதற்கு ஒரு மாதம் முன்பு. உலகெங்கும் இச்சொல் மக்கள் வாயில் புழங்கத் தொடங்கியது அப்போதுதான்.

அடையாறு

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருள் விதைத்தது. முப்பது ஆண்டு முயற்சிக்குப் பின், 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.

ஒரு குடும்பத்தின் துயரிலிருந்து பிறந்த அந்நிலையம், குடும்பம் குடும்பமாக நோயை ஆராயும் இடமாகவும் ஆனது பொருத்தமே. அங்கு மூலக்கூறுப் புற்றியல் துறையை வழிநடத்திய டாக்டர் தி. ராஜ்குமார் தலைமையில், தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. மாற்றங்களைத் தேடிய ஆய்வு 2003இல் வெளியானது. அக்காலத்திலேயே பரம்பரைப் புற்றுநோய்க்கான தனி ஆலோசனைப் பிரிவும் அங்குச் செயல்படலாயிற்று. 2015இல் அதே குழு ஒரே சமயத்தில் 30 மரபணுக்களைப் படிக்கும் முறையைக் கையாண்டு ஆய்வை விரிவாக்கியது.

இடையே 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரம் குழுவினர் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்த தென்னிந்திய நோயாளிகள் 61 பேரை அவர்கள் சோதித்தனர். 17 பேரிடம் மாற்றங்கள் இருந்தன. அவர்களுள் 10 பேரிடம் இருந்தது, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி யூதரிடம் மிகுதியாகக் காணப்படும் '185 டெல் ஏ.ஜி.' என்ற அதே மாற்றம்.

அம்மாற்றம் என்ன? டி.என்.ஏ. எழுத்துகளை உயிரணு மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்கும். 'கடல் மணல் நகர்' என்ற மூன்றெழுத்துச் சொற்களை வரிசையாக எழுதி, முதலில் உள்ள 'க', 'ட' இரண்டையும் நீக்கிவிட்டு மீண்டும் மும்மூன்றாகப் பிரித்தால் 'ல்மண, ல்நக, ர்' என்று வரும். ஒரு சொல்லும் தேறாது. நீங்கியவை இரண்டே எழுத்துகள். கெட்டது முழு வரி. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் தொடக்கத்தில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபடுவதால் நேர்வதும் இதுவே.

யூதருக்கும் தமிழருக்கும் இம்மாற்றம் எப்படிப் பொதுவானது என்ற கேள்வி எழுந்தது. பண்டைக் கடல் வாணிகத்தை நினைத்துக் கதை புனைய ஆசை வரும். மரக்காணம் போன்ற பழந்துறைமுகக் கரையில் அந்த ஆசை இன்னும் கூடும். ஆனால் மாற்றத்தின் இருபுறமும் உள்ள டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட்ட ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியது எனக் காட்டியது. ஒரே எழுத்துப்பிழையை இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே செய்வதுண்டு அல்லவா, அதுபோல.

2018இல் இந்திய நோயாளிகள் 1,010 பேரிடம் செய்யப்பட்ட பல்மரபணுச் சோதனையில் 304 பேரிடம் தீங்கான மாற்றங்கள் இருந்தன. இவர்கள் மருத்துவர் ஐயுற்றுத் தேர்ந்து அனுப்பியவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்தக்கூடாது.

இதயம் கற்பித்த பாடம்

மரபணு மாற்றம் ஒன்றைக் கண்டவுடன் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இந்திய ஆய்விலேயே எடுத்துக்காட்டு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை, இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், அது இதயத் தசை நோயின் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துகிறது என்றும் அது கூறியது. நூற்றுக்கு நால்வர் என்றால் கோடிக்கணக்கானோர். செய்தி நாளிதழ்களில் பெரிதாக வந்தது.

பின்னர் 2020இல் வெளியான மறு ஆய்வு, ஆபத்தின் பெரும்பகுதி அந்த 25 எழுத்து இழப்பால் வருவதன்று எனக் காட்டியது. அதை உடையவர்களில் ஒரு சிறு பகுதியினர் அதனோடு சேர்த்துப் பெறும் வேறோர் அரிய மாற்றமே காரணம் என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தம்மிடம் அந்த மாற்றம் இருப்பதாக அறிந்து அஞ்சியவர்களை நினைத்துப் பார்க்கவேண்டும். முதல் ஆய்வு வீண் என்பதன்று; அது இல்லாவிட்டால் இரண்டாவது பிறந்திராது.

நீரிழிவு இன்னும் வேறு வகை. டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீரிழிவோடு தொடர்புடையது என 2006இல் ஐஸ்லாந்துக் குழு கண்டது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2007இல் நம் மக்களிடமும் அத்தொடர்பை உறுதிசெய்தனர். ஆனால் இது வாய்ப்பைச் சிறிதளவே கூட்டும். இப்படி நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களும், உணவும், உழைப்பும், உடல் எடையும் சேர்ந்தே நோய் வருகிறது.

சொந்தத்தில் திருமணம்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். இதனாலேயே புற்றுநோய் வருகிறது என்று ஊர்களில் பேசுவதுண்டு. இரண்டு வகைப் பரம்பரையைக் குழப்பிக்கொள்வதால் வரும் கருத்து இது. பி.ஆர்.சி.ஏ. போன்றவற்றில் ஒரு படி கெட்டாலே ஆபத்து உயர்ந்துவிடும். யாரை மணந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மாமன் மகளை மணப்பதால் அது கூடுவதுமில்லை, அயலில் மணப்பதால் குறைவதுமில்லை.

உறவுமுறைத் திருமணம் கூட்டுவது வேறு வகை நோய்களை. தலசீமியா போன்றவற்றில் இரண்டு படிகளும் கெட்டிருந்தால்தான் நோய். பெற்றோர் இருவரும் ஒரே பாட்டனிடமிருந்து ஒரே கெட்ட படியைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். உறவுக்குள் மணக்காவிட்டாலும், ஒரே சாதிக்குள் பல நூற்றாண்டுகள் மணந்து வருவதும் ஓரளவு இவ்விளைவைத் தரும். தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைத் தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் சேர்ந்து ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள், அஷ்கனாசி யூதரைவிடவும் குறுகிய மூதாதையர் தொகையிலிருந்து பெருகியவை என 2017இல் எழுதினர்.

சொல்லப்படாத விடை

இனித் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வரலாம். மரபணு ஆலோசனையில் முதலில் செய்வது இரத்தம் எடுப்பதன்று. ஒரு தாளில் குடும்ப மரம் வரைவதே. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்குக் கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. மூன்று தலைமுறை வேண்டும். தாய்வழியும் தந்தைவழியும் வேண்டும். எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்பதும் வேண்டும்.

இங்கேதான் தடை. மரக்காணத்தில் மட்டுமன்று, தமிழகத்து ஊர்கள் பலவற்றிலும் புற்றுநோயின் பெயரைச் சொல்வதே தயக்கம். "அத்தைக்கு வயித்துல கட்டி இருந்துச்சு, போய்ச் சேந்துட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கட்டி குடலிலா, கருவகத்திலா, கருப்பையிலா என்பது தெரியாது. மருத்துவரைக் காணாமலே இறந்தவர்களும் உண்டு. உப்பளத்தில் நாள் கூலிக்குச் செல்பவர்க்குச் சென்னைக்கு ஒரு நாள் போய்வருவது ஒரு நாள் கூலி இழப்பு.

தெரிந்ததையும் மறைப்பதற்குக் காரணம் திருமணம். "அந்த வீட்டில் அந்த நோய் ஓடுகிறது" என்ற பேச்சு எழுந்தால் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவார்கள் என்ற அச்சம் பொய்யான அச்சமன்று. அக்காளுக்கு வந்ததைத் தங்கையின் திருமணம் முடியும்வரை மூடி வைப்பதை, அந்தத் தாயின் நிலையில் நின்று பார்த்தால் குறைகூற மனம் வராது. ஆனால் அக்காளின் நோய் பி.ஆர்.சி.ஏ.1ஆல் வந்ததாயின், அச்செய்தி முதலில் தேவைப்படுவது அந்தத் தங்கைக்கே. மாற்றம் உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே மார்பக எம்.ஆர்.ஐ. சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ.1 எனில், குழந்தைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் கருவகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றுவதும் பரிந்துரைக்கப்படுகிறது. திருமணமாகிப் பத்தாண்டு கழித்துத் தெரிவது சிலருக்குத் தாமதமாகிவிடும்.

அச்சத்தால் மறந்துவிடும் மறுபக்கமும் உண்டு. குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது எனத் தெரிந்திருந்தால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அது இல்லாதிருக்கும் வாய்ப்பு பாதி. இல்லை என்று தெரிந்துவிட்டால் அவருக்கு உள்ளது மற்றவர்க்கு உள்ள சாதாரண ஆபத்துதான். அவர் பிள்ளைகளுக்கு அவ்வழியில் அது செல்லாது. நோயுற்றவருக்கும் பயன் உண்டு: இம்மாற்றம் உடைய கட்டிகளுக்கென்றே உருவான ஓலாபரிப் போன்ற மருந்துகள் 2014 முதல் பயன்பாட்டில் உள்ளன.

குடும்ப மரத்தில் அடிக்கடி விடுபடுவது தந்தைவழி. மார்பகப் புற்று பெண்கள் சங்கதி என்று எண்ணித் தாய்வழிப் பாட்டி, பெரியம்மா, சித்தி பற்றி மட்டுமே கூறுவார்கள்; அப்பாவின் அக்காள் தங்கைகளைச் சொல்லமாட்டார்கள். ஆண்களும் இம்மாற்றத்தைத் தாங்குவர், மகளுக்கும் மகனுக்கும் கடத்துவர். பி.ஆர்.சி.ஏ.2 உடைய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிப் புற்றும், அரிதாக மார்பகப் புற்றும் வரலாம்.

சோதனையின் விடை எப்போதும் 'உண்டு', 'இல்லை' என்று வருவதுமில்லை. 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று சில அறிக்கைகள் வரும். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியருடையது என்பதால், நம் மக்களிடம் இயல்பாகவே உள்ள ஒரு மாற்றம் அங்கே புதுமையாகத் தோன்றிவிடுகிறது. அத்தகைய அறிக்கையைக் கொண்டு உறுப்பை அகற்றும் முடிவு எடுப்பதில்லை. அம்மாற்றம் பின்னாளில் மறுமதிப்பீடு செய்யப்படும். இக்குறையை நீக்கும் முயற்சியாக, இந்தியாவின் 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவை அரியானாவின் பரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டுள்ளன.